அளந்தறியாத இரத்தம்

கண்டி மாநகரிற் கற்றோர் கூடும் இடங்களில், வாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல ஒரு கருத்து அண்மைக் காலமாக வழங்கி வருகிறது. புளோரீன் சேர்ந்த செயற்கை இரசாயனங்கள் மனித இரத்தத்திலே தேங்கி ஆண்டுக்கணக்காக அழியாது நிற்பது மேனாட்டாரின் கவலை. அவற்றை ஆக்கும் ஆலைகள் அங்கேதான் உள. மலையும் மழையும் மகாவலியும் காக்கும் நமக்கு அத்தகைய ஆலை ஒன்றுமில்லை. ஆகவே நம்மவர் இரத்தத்தை எடுத்து அந்த நஞ்சை நனோகிராம் கணக்கில் அளந்து பார்ப்பது, சிறுநீரக நோயும் நீரிழிவும் டெங்குவும் வாட்டும் வறிய நாடொன்றுக்கு ஆகாத ஆடம்பரம். அளந்து கண்டாலும் அதற்கு மருந்தில்லை. மருந்தில்லாத செய்தியை மக்களுக்குச் சொல்வது வீண் பீதியையே விளைக்கும். இதுவே அக்கருத்தின் முழு வடிவம். மாலை வேளையில் ஏரிக்கரையில் என்னோடு நடக்கும் மருத்துவ நண்பர் ஒருவரும் இதனை மனப்பூர்வமாக நம்புகிறார். அவர் நோயாளிகளின் நலத்தையன்றி வேறொன்றை நினையாதவர். அதனாலேயே அவர் கூற்றுக்கு விரிவாகவும் மரியாதையோடும் மறுப்புக் கூற வேண்டியவனாகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். புளோரீன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டவரின் நினைவுக்கு வருவன அநுராதபுரத்துக் கிணற்று நீரும், அந்நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களிற் படிந்த பழுப்புக் கறையுமே. அது புளோரைட்டு, பாறையிலிருந்து கரைந்து வரும் இயற்கைப் பொருள், உடலிற் சேர்ந்ததில் ஒரு பகுதி எலும்பிலும் பல்லிலும் படிய, எஞ்சியது சிறுநீரோடு விரைவிற் கழிந்துவிடும். மழை மிகுந்த மலைநாட்டு நீரில் அது குறைவு என்பதும் மெய்யே. ஆனால் நாம் இங்கே பேசும் பொருள் முற்றிலும் வேறு. காபன் அணுக்களைச் சங்கிலியாகக் கோத்து, ஐதரசன் இருக்கவேண்டிய இடங்களில் எல்லாம் புளோரீனை இருத்தி, 1940களின் பிற்பகுதி முதல் அமெரிக்க ஆலைகள் பெருமளவில் ஆக்கத் தொடங்கிய செயற்கைப் பொருள்கள் அவை, பி.எப்.ஏ.எஸ். என்பது அக்குலத்தின் பொதுப்பெயர். ஒட்டாத தாச்சியிலும், நீர் ஊறாத மழைக்கோட்டிலும், எண்ணெய் கசியாத உணவுத் தாளிலும், எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரையிலும் அவை பயன்பட்டன. காபனையும் புளோரீனையும் இணைக்கும் பிணைப்பு சேதன இரசாயனம் அறிந்த பிணைப்புகளில் மிக வலியது. மண்ணின் கிருமியும் மனிதனின் ஈரலும் அதனை அறுக்க மாட்டா. டி.டி.ரீ. என்னும் பூச்சிகொல்லி கொழுப்பிலே தங்கும், இவையோ இரத்தத்தின் அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு உடலெங்கும் உலவும். சிறுநீரகம் வடித்தெறிய வேண்டியதை மீண்டும் உறிஞ்சி இரத்தத்துக்கே திருப்பிவிடுவதால், உட்சென்றதில் பாதியேனும் வெளியேறுவதற்கு, பி.எப்.ஓ.ஏ. என்னும் வகைக்கு இரண்டு மூன்று ஆண்டுகளும், பி.எப்.ஓ.எஸ். என்னும் வகைக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளும் செல்லும். பல்லின் கறையைக் கண் காணும். இதனைக் காணும் கண் ஆய்வுகூடத்தில் மட்டுமே உண்டு.

இனி, ஆலை இல்லாத இடத்தில் நஞ்சும் இல்லை என்னும் முதல் வாதத்தை ஆராய்வோம். 1968ஆம் ஆண்டிலே ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்து டொனல்ட் ரேவ்ஸ் என்னும் ஆய்வாளர், மனித இரத்தத்தின் தெளிநீராகிய சீரத்தில், புளோரைட்டல்லாத வேறொரு வடிவிலும் புளோரீன் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். 1976இல் அவரும் அவர் துணைவரும் நியூயோர்க், டெக்சாஸ் மாநிலங்களின் இரத்த வங்கிகளிலிருந்து பெற்ற இரத்தத்தை ஆராய்ந்து, அது ஆலைகளிற் செய்யப்படும் பி.எப்.ஓ.ஏ. போன்றதொரு பொருளாயிருத்தல் கூடும் என்று கருதினர். அந்த இரத்தம் ஆலைத் தொழிலாளருடையது அன்று. வங்கிக்கு வந்து தானம் செய்த பொதுமக்களுடையது. ஆகவே ஆலையின் மதிற்சுவர் இந்நஞ்சுக்கு எல்லையாகாது என்பது ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்னரே தெரிந்த செய்தி.

அது அமெரிக்கா என்பார் நண்பர். 2004ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிற் கல்வி பயின்று அமெரிக்காவில் ஆய்வு நடத்தும் குருந்தாசலம் கண்ணனும் அவரோடு சேர்ந்தாரும், ஒன்பது நாடுகளிலிருந்து பெற்ற 473 இரத்த மாதிரிகளை அளந்து வெளியிட்டனர். அமெரிக்காவிலும் போலந்திலும் பி.எப்.ஓ.எஸ். மில்லிலீற்றருக்கு 30 நனோகிராமுக்கு மேற்பட்டிருக்க, இந்தியாவில் அது 3 நனோகிராமுக்குங் கீழே நின்றது. விஞ்ஞானம் இவ்வளவோடு நின்றிருந்தால் நண்பரின் நம்பிக்கைக்கு ஒருவாறு ஆதாரம் கிடைத்திருக்கும். ஆனால் அடுத்த ஆண்டே, யப்பானின் சுகுபா நகரிற் பணியாற்றிய இலங்கையர் கீர்த்தி குருகேயும் யப்பானிய ஆய்வாளரும் சேர்ந்து, நம் நாட்டவரின் இரத்தத்தையே அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கொழும்பு நகரத்தாரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டனர். சீரத்திலே மட்டுமன்றி ஆண்களின் விந்துநீரிலும் தேடினர். எவரையும் இந்நஞ்சு விட்டுவைக்கவில்லை: அளந்த சீரம் ஒவ்வொன்றிலும் பி.எப்.ஓ.எஸ்.சும் பி.எப்.ஓ.ஏ.யும் இருந்தன. கொழும்பில் வாழ்ந்தவரின் அளவும் தலவாக்கலைத் தோட்டத்துத் தொழிலாளரின் அளவும் ஒன்றையொன்று ஒத்தே நின்றன.

இந்த ஒரு முடிவின் பொருளைச் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். லயத்து அறையிலே பிறந்து, பீலித் தண்ணீரைக் குடித்து, கொழுந்துக் காட்டில் வேலை செய்து, ஆலைப்புகை என்பதையே அறியாது வாழ்ந்த ஒருவரின் இரத்தத்தில், தலைநகரத்தார் இரத்தத்துக்குச் சமமாக அந்நிய ஆலையின் பொருள் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வழியாக அது அங்கே போய்ச் சேர்ந்தது என்று ஊகிக்க முடியும்; ஆனால் அது போய்ச் சேர்ந்தது என்பது ஊகமன்று. 'நமக்கு இல்லை' என்று கண்டியிலே உறுதியாகப் பேசுவோர், தலவாக்கலையின் இரத்தம் 2005ஆம் ஆண்டிலேயே கொடுத்துவிட்ட மறுமொழியைக் கேளாமற் பேசுகின்றனர்.

தலவாக்கலையைக் கடந்து வரும் கொத்மலை ஓயாவே மகாவலியிற் கலந்து, கம்பளை வழியாகப் பேராதனைக்கு வருகிறது. அந்த ஆறு கெட்டம்பேயைத் தாண்டி, நம் நகரத்துக் குப்பையைப் பல பத்தாண்டுகளாகச் சுமந்து நிற்கும் கோஹாகொட மேட்டின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறது. குப்பை மேட்டிலிருந்து வடியும் கருநீர் இப்பொருள்களைச் சுமந்து செல்லும் முதன்மையான வழிகளில் ஒன்று என்பது உலகெங்கும் ஆராய்ந்து கண்ட உண்மை. எறிந்த தாச்சியும் மழைக்கோட்டும் உணவுத் தாளும் உக்கிப் போனாலும் அவற்றிலிருந்த புளோரீன் சங்கிலி உக்குவதில்லை. பொல்கொல்லவிலே அந்நீரின் ஒரு பங்கு மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக உக்குவளைக்குத் திருப்பப்பட்டு, உலர்வலயத்து வயல்களுக்கும் குளங்களுக்கும் செல்கிறது. ஆலை இல்லாத ஊர் என்று நாம் சொல்லிக்கொண்டாலும், ஆலையின் பொருளை வாங்கிப் பாவித்து எறிந்து ஆற்றுக்குக் கொடுக்கும் ஊர் நாம்.

இரண்டாவது வாதம், இருந்தாலும் அளவு சொற்பம் என்பது. சொற்பந்தான், அதனை யாரும் மறுக்கவில்லை. மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் என்பது, பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர்கள் நூற்றிலே ஒரேயொரு கிராமைக் கரைத்ததற்குச் சமம். ஆனால் எவ்வளவு சொற்பம் தீங்கற்றது என்று வரையறுத்தவர்கள், அந்த வரையறையைத் தாமே தொடர்ந்து கீழிறக்கி வந்திருக்கின்றனர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2008இல், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1500 நனோகிராம் பி.எப்.ஓ.ஏ. உட்கொள்ளலாம் என்றது, அதே சபை 2020இல், இக்குலத்தின் நான்கு பொருள்களைக் கூட்டி வாரமொன்றுக்கு 4.4 நனோகிராமே எல்லை என்று தீர்ப்பை மாற்றியது. அமெரிக்கச் சூழற் பாதுகாப்பு முகவரகம் 2016இல் குடிநீர் லீற்றருக்கு 70 நனோகிராம் வரை பொறுத்தது, 2024இல் பி.எப்.ஓ.ஏ.க்கும் பி.எப்.ஓ.எஸ்.சுக்கும் தனித்தனியே 4 நனோகிராம் என்று சட்டம் செய்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2023இல் பி.எப்.ஓ.ஏ.யை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலே சேர்த்தது. நேற்றுச் சொற்பம் எனப்பட்டது இன்று மிகை எனப்படும்போது, தன் அளவையே அறியாத சமூகம் எந்த ஆதாரத்தைக் கொண்டு தன்னைச் சொற்பத்தின் பக்கம் நிறுத்திக்கொள்கிறது?

மேலும், மேனாட்டாரை விட நமக்குக் குறைவு என்னும் ஒப்பீடு காலத்தாற் பழுதுபட்டது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் திரீ எம் நிறுவனம் பி.எப்.ஓ.எஸ். உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன் பின்னர் அமெரிக்க மக்களின் இரத்தத்தில் அதன் சராசரி 1999–2000 ஆண்டுகளில் 30 நனோகிராம் அளவில் இருந்து 2017–2018இல் 4 நனோகிராம் அளவுக்கு இறங்கிற்று. இறங்கிற்று என்று அவர்களாற் சொல்ல முடிவதற்கு ஒரே காரணம், இரண்டாண்டுக்கு ஒருமுறை தம் மக்களின் இரத்தத்தை ஒழுங்காக அளந்து வந்தமையே. அதே காலத்தில் நம் இரத்தத்தில் அது ஏறியதா, இறங்கியதா, நின்றதா என்று கேட்டால், 2005ஆம் ஆண்டின் ஒற்றைப் புள்ளியைத் தவிர நம்மிடம் காட்டுவதற்கு என்ன உண்டு? ஒரு புள்ளியைக் கொண்டு கோடு வரைய முடியாது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும்.

இரத்தத்தை விட்டு நீரை அளந்தாற் போதாதா என்று வினவுவாரும் உளர். நீரையும் அளக்கத்தான் வேண்டும். ஆனால் நீர் ஒரு வாயில் மாத்திரமே. மீனும் முட்டையும், பொதி கட்டிய தாளும், வீட்டுத் தூசியும் வேறு வாயில்கள். குழாயில் இன்று வரும் நீர் இன்றைய செய்தியைத்தான் சொல்லும். இரத்தமோ கடந்த பல ஆண்டுகளில் எல்லா வாயில்களாலும் உட்புகுந்தவற்றின் தொகையைச் சொல்லும். தாயின் இரத்தத்திலிருந்து இவை கருவறையைக் கடந்து சிசுவை அடைவதும், பிறந்தபின் தாய்ப்பால் வழியே குழந்தைக்குச் செல்வதும் நிறுவப்பட்ட உண்மைகள். பரோத் தீவுகளின் குழந்தைகளில் இப்பொருள்கள் மிகுந்தவிடத்துத் தடுப்பூசியால் விளையும் எதிர்ப்புச் சக்தி குறைந்ததை 2012இல் ஓர் ஆய்வு காட்டிற்று. இதனாற் பாலூட்டுதலை நிறுத்த வேண்டும் என்பதன்று. தாய்ப்பாலின் நன்மை இன்னும் பெரிது என்பதே மருத்துவ உலகின் தீர்ப்பு. ஆனால் தாயிடமிருந்து மகவுக்குச் செல்லும் ஒன்றின் கணக்கு ஆற்றிலே அன்று, தாயின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது வாதமே நண்பர் மிக அழுத்திச் சொல்வது: மருந்தில்லாத நோயை ஏன் அறிவிக்க வேண்டும்? நீர் வழங்குவோரும் சட்டம் செய்வோரும் நீதி வழங்குவோரும் தத்தம் கடமையைச் செய்வதற்கும் அளவே தொடக்கம் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் நகரை அடுத்த டூபொன்ட் ஆலையிலிருந்து பி.எப்.ஓ.ஏ. குடிநீரிற் கலந்ததை எதிர்த்து வழக்காடிய மக்கள், 2005, 2006 ஆண்டுகளில் ஏறக்குறைய 69,000 பேராக வந்து இரத்தம் கொடுத்தனர். அந்த இரத்தத்தை ஆராய்ந்த அறிஞர் குழு 2012இற் பணி முடித்தபோது, சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் நோய், பெருங்குடற் புண்ணழற்சி, கருவுற்ற காலத்து உயர் இரத்த அழுத்தம், மிகை கொலஸ்ரரோல் என்னும் ஆறுக்கும் அப்பொருளுக்கும் தொடர்பு இருத்தல் கூடும் என்று முடிவு கூறிற்று. இன்று உலகம் இந்நஞ்சைப் பற்றி அறிந்தவற்றுட் பெரும்பகுதி, அந்தச் சாதாரண மக்கள் நீட்டிய கைகளிலிருந்து பிறந்தது. சுவீடனின் ரொன்னெபி நகரில் இராணுவ விமானத்தளத்தின் தீயணைப்பு நுரை குடிநீரைக் கெடுத்தமை 2013இல் வெளிப்பட்டது. அதனால் எழுந்த வழக்கில், 2023ஆம் ஆண்டு டிசெம்பரில், இரத்தத்தில் இப்பொருள்கள் மிகுந்திருப்பதே உடலுக்கு இழைக்கப்பட்ட ஊறு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அளவு இல்லையேல் அந்த வழக்கே இல்லை.

வைத்தியத் துறையிலும் கைகள் முற்றாகக் கட்டுண்டு கிடக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் 285 தீயணைப்பு வீரரைக் கொண்டு நடத்தி 2022இல் வெளியிட்ட பரிசோதனையில், ஓராண்டு காலம் ஒழுங்காகக் குருதித் திரவவிழையம் தானம் செய்தவரின் உடலில் பி.எப்.ஓ.எஸ். தெளிவாகக் குறைந்தது, முழு இரத்தத்தைத் தானம் செய்தோரிடத்தும் ஓரளவு குறைந்தது. யாருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவிடத்தே இத்தகைய முயற்சி கூடும். அமெரிக்க விஞ்ஞானக் கழகங்கள் 2022இல், இப்பொருள்களின் கூட்டுத்தொகை 20 நனோகிராமுக்கு மேற்பட்டோருக்கு எந்தெந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டியிருக்கின்றன. ஈயத்தின் வரலாறும் இதையே போதிக்கிறது: பெற்றோலிலிருந்து ஈயத்தை நீக்குவதற்குப் பிள்ளைகளின் இரத்தத்தில் அளந்த அளவுகள் வலிய ஆதாரமாயின, அந்த அளவுகள் எழுப்பிய நியாயத்தின் பயனாகவே 2002இல் இலங்கையும் ஈயப் பெற்றோலை விட்டொழித்தது. ஈயத்துக்கு முழுமையான மருந்து கண்ட பின்னர்தான் அளப்போம் என்று உலகம் காத்திருந்ததா?

பீதி என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். வடமத்திய மாகாணத்திலே காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் 1990களிலிருந்து பரவி வந்த வரலாற்றை நாம் கண்டிருக்கிறோம். அறிவு போகாத இடத்துக்கு வதந்தி போயிற்று. ஒரு நாள் கிணறு, மறுநாள் உரம், பின்னொரு நாள் களைகொல்லி என்று மக்கள் ஒவ்வொன்றையாக அஞ்சினர். அவர்களை வருத்தியது அறியாமையால் வந்த அச்சம். தெளிவான மொழியிலே அளவையும், அதன் வரம்பையும், செய்யக்கூடியவற்றையும் எடுத்துச் சொன்னால், தோட்டத்துப் பெண்ணும் நகரத்து வணிகரும் அதனை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ளவர்களே. அவர்களுக்கு உண்மையைத் தாங்கும் வலுவில்லை என்று முன்கூட்டியே தீர்மானிப்பது பரிவு ஆகாது.

செலவு என்னும் தடையே இவற்றுள் மெய்யான தடை. அதனை நான் இலேசாக எண்ணவில்லை. இந்த அளவையில் சிறு கவனயீனமும் பெரும் பிழையாகும். இக்குலத்தையே சேர்ந்த டெப்லோனால் மூடியிட்ட குழாயில் இரத்தத்தை எடுத்தால் அந்த மூடியே கணக்கைக் கெடுத்துவிடக்கூடும். கருவியின் உள்ளுறுப்புகளிலிருந்தே இப்பொருள் கசிவதுண்டு. ஆதலால் வெற்று மாதிரிகளை உடன் ஓட்டியும், நிறை வேறுபட்ட காபனாற் செய்த அதே சேர்வையை அறிந்த அளவிற் கலந்து ஒப்பிட்டும், திரவ நிறப்பகுப்போடு இணைந்த திணிவு நிறமாலைமானியில் அளக்க வேண்டும். ஆனால் அளத்தல் என்றவுடன் இருபது மில்லியன் மக்களையும் வரிசையில் நிறுத்துவதாக ஏன் நினைக்க வேண்டும்? சுவீடன் 1996 முதல் உப்சாலா நகரத்துப் புதிய தாய்மாரின் சீரத்தைத் தொகுத்து வைத்து இக்கணக்கைக் காத்து வருகிறது. அவுஸ்திரேலியாவில், நோய்ப் பரிசோதனைக்குப் பின் ஆய்வுகூடங்களில் எஞ்சிய சீரத்தை, பெயரை நீக்கி, வயதும் பாலும் பார்த்து ஒன்றுசேர்த்து அளக்கின்றனர். ஐந்து வயதுப் பிரிவும் இரண்டு பாலும் கொண்டாற் பத்துத் தொகுதிகள். தொகுதிக்கு நூறு பேரானால், ஆயிரம் பேரின் நிலையைப் பத்தே அளவைகள் கூறிவிடும். இலங்கை 2005ஆம் ஆண்டு டிசெம்பரில் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. நிலைத்து நிற்கும் சேதன மாசுகளை மனிதரிடத்தும் சூழலிடத்தும் தம் இயலுமைக்கேற்பக் கண்காணிக்குமாறு அதன் 11ஆம் உறுப்புரை கோருகிறது. பி.எப்.ஓ.எஸ். 2009இலும், பி.எப்.ஓ.ஏ. 2019இலும் அவ்வுடன்படிக்கையின் மாசுப் பட்டியலிற் சேர்ந்தன. பத்து அளவைகள் நம் இயலுமைக்கு அப்பாற்பட்டன என்று யாராற் சொல்ல முடியும்?

இயலுமை இல்லை என்பதை நான் ஏற்க மறுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் நெஞ்சை மிக வருத்துவதும் அதுவே. தலவாக்கலையிலே, சென். கூம்ஸ் தோட்டத்திலே, தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருக்கிறது. ஐரோப்பாவும் யப்பானும் விதித்த வரம்புக்கு மேலே பூச்சிகொல்லி எச்சம் நம் தேயிலையிற் சென்றுவிடக்கூடாது என்பதற்காக, கிலோகிராமிலே மில்லிகிராமின் நூறிலொரு பங்கையும் தேடிக் காணும் கருவிகளை நாம் வாங்கினோம். அவற்றை இயக்கும் நிபுணரையும் பயிற்றினோம். கடல் கடந்து இருந்து தேநீர் அருந்துவோரின் உடலைக் காப்பதற்காக இவ்வளவும் செய்தோம். அது நல்ல காரியமே. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்த கையின் நரம்பிலே ஓடும் இரத்தத்தை, அதே இனக் கருவியால் அளக்க வேண்டும் என்று சொல்லும்போது மாத்திரம் நாம் வறியவராகிவிடுகிறோம். இலை நாடு கடந்து செல்வதற்காகச் சோதிக்கப்படுகிறது. இரத்தமோ சோதனைக்காக நாடு கடந்து செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையை வறுமையின் மேற் சாட்டுதல் தகாது.

பேராதனையில் மருத்துவ பீடமும் விஞ்ஞான பீடமும் போதனா வைத்தியசாலையும் ஒரே ஆற்றின் கரையில் அமைந்திருக்கின்றன. கண்டியின் ஆய்வுகூடங்களிலே சீனியும் கொலஸ்ரரோலும் பார்ப்பதற்காக நாள்தோறும் எடுத்த இரத்தத்தில், சோதனை முடிந்தபின் எஞ்சும் சீரம் மாலையிற் கழிவாக ஒதுக்கப்படுகிறது. நெறிக்குழுவின் அனுமதியோடு, பெயர் நீக்கி, வயதும் பாலும் குறித்து, நகரத்தாரையும் தோட்டத்தாரையும் வேறாக்கி, அச்சீரத்தில் ஒரு சிறு பங்கை பொலிப்புறொப்பிலீன் குழாயில் உறைகுளிரில் வைத்துவிட்டால், 2005ஆம் ஆண்டின் ஒற்றைப் புள்ளிக்கு இரண்டாவது புள்ளி கிடைத்துவிடும். கிடைத்த எண்ணை ஆங்கிலச் சஞ்சிகைக்கு மட்டும் அனுப்பாமல், தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, இரத்தம் வந்த தோட்டத்து மருந்தகத்தின் சுவரிலும் ஒட்ட வேண்டும். அடுத்த முறை ஏரிக்கரையிலே நண்பரைச் சந்திக்கும்போது, நான் அவரிடம் கேட்கப்போவது அவர் என்னோடு உடன்பட வேண்டும் என்பதன்று. அன்று மாலை அவருடைய ஆய்வுகூடத்திற் கழிக்கப்படவிருக்கும் குழாய்களை, அனுமதி கிடைக்கும் நாள் முதல், எறியாது எடுத்து வைப்பாரா என்பதையே.